தி பேட்மேன் (2022): அந்தத் தரைவேலைக் கருவியை பேட்மேனால் ஏன் அடையாளம் காண முடியவில்லை?

கரணை_காவேரிப்பட்டணம் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மேட் ரீவ்ஸ் இயக்கி 2022 மார்ச்சில் வந்த ‘தி பேட்மேன்’ பற்றி ஒரு கேள்வி. முடிவு வரைக்கும் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

நான் டைல்ஸ், கிரானைட் போடுகிற வேலை செய்கிறேன். ஊர் காவேரிப்பட்டணம். பத்து நாள் ஓசூர், பத்து நாள் பெங்களூரு என்று வேலை இருக்கும் இடத்துக்கு மாமாவோடு போய்விடுவேன். தொழில் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இந்தப் படத்தை முதலில் தியேட்டரில் பார்த்தேன். அப்புறம் சைட்டில் படுக்கும் ராத்திரிகளில் போனில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கிறேன்.

அக்டோபர் 31 இரவு, கதை நடக்கும் காத்தம் நகரத்தின் மேயரை, புதிர் போட்டுக் கொலை செய்யும் ரிட்லர் என்பவன் கொல்கிறான். பேட்மேன், அதாவது ராத்திரியில் முகமூடி போட்டுக் குற்றவாளிகளைத் துரத்தும் பணக்காரன் புரூஸ் வெயின், அந்த வீட்டுக்கு வரும்போது வாசலில் ஒரு இளம் போலீஸ்காரர் தடுக்கிறார். பெயர் மார்ட்டினெஸ். இங்கே போலீசுக்கு மட்டும்தான் அனுமதி என்கிறார். அவனை நம்பும் போலீஸ் அதிகாரி கோர்டன் வந்து உள்ளே அழைத்துப் போகிறார். உள்ளே எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்க, பேட்மேன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருகிறான். கட்டை விரலை வெட்டும்போது மேயருக்கு உயிர் இருந்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுகிறான். கண்ணில் போட்ட லென்ஸிலேயே கேமரா. பார்த்ததையெல்லாம் வீட்டுக்குப் போய்த் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். அவ்வளவு வசதி.

படம் முக்கால்வாசி ஓடிய பிறகு ரிட்லர் பிடிபடுகிறான். அவன் குடியிருந்த அறையில் ஒரு இரும்புக் கருவி கிடைக்கிறது. ஏதோ நெம்புகிற கருவி, கொலை செய்தது இதனால்தான், மேயர் வீட்டுத் தரையில் பதிந்த தடத்தோடு இதன் விளிம்பு பொருந்தும் என்கிறான் பேட்மேன். எல்லாம் சரிதான். ஆனால் அது என்ன கருவி என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆர்க்கம் சிறைக்குப் போய் ரிட்லரைப் பார்த்துவிட்டு, ஏதோ விட்டுப்போயிற்று என்று குழம்பித் திரும்பி வந்து மறுபடி அதைக் கையில் வைத்துப் பார்க்கிறான். அப்போது அங்கே காவல் நின்ற அதே மார்ட்டினெஸ் சொல்கிறார், இது கார்ப்பெட் போடுகிறவர்கள் வைத்திருப்பது, என் அங்கிள் அந்த வேலை செய்கிறவர் என்று. அங்கிள் என்றால் மாமாவோ சித்தப்பாவோ, என் காதில் மாமா என்றுதான் விழுந்தது.

அடுத்த நிமிஷம் பேட்மேன் அந்தக் கருவியாலேயே அறையின் கார்ப்பெட்டைப் பிய்க்கிறான். கீழே தரை முழுக்க ரிட்லர் வரைந்து வைத்த திட்டம். நகரத்தின் கடல் தடுப்புச் சுவரை வண்டிக் குண்டு வைத்து உடைத்து ஊரையே தண்ணீரில் மூழ்கடிப்பது. கண்டுபிடிக்கும்போது நேரம் போய்விட்டது. குண்டுகள் வெடிக்க ஆரம்பித்துவிடுகின்றன.

அந்தக் கருவியை நான் பிடித்திருக்கிறேன். பெங்களூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் வேலை செய்தபோது பக்கத்து ஹாலில் கார்ப்பெட் ஆட்கள் இருந்தார்கள். சுவர் ஓரமாக ஆணிப்பட்டை அடித்து, கார்ப்பெட்டை இழுத்து அதில் மாட்டி, மிச்ச ஓரத்தைச் சுவருக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் விரற்கடை இடைவெளியில் திணிப்பார்கள். திணிப்பதற்கு அகலமான, வாய் மழுங்கிய உளி மாதிரி ஒன்று. கூராக இருந்தால் கார்ப்பெட் கிழிந்துவிடும் என்பதால் மழுக்கியே செய்திருப்பார்கள். கையில் வாங்கினால் கனமாக இருக்கும். அதைப் பார்த்த யாருக்கும் அடுத்த யோசனை ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதுதான்.

தரைவேலை செய்கிறவன் எந்த அறைக்குள் போனாலும் முதலில் கீழேதான் பார்ப்பான். என் மாமா போட்டு முடித்த தரையைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஆட்கள் வேலை என்பார். சுவரோரம் வெட்டுத் துண்டை எங்கே ஒளித்திருக்கிறார்கள், கதவு நிலைக்கு நேராக முழுக்கல் வந்திருக்கிறதா, கல் நேராக வர முதலில் கட்டும் நூலை எங்கிருந்து பிடித்தார்கள், இதெல்லாம் அவருக்குக் கையெழுத்து மாதிரி. கரணையைத் திருப்பி அதன் பிடியால் தட்டிக்கொண்டே போவார். கீழே கலவை சரியாக உட்காராத இடத்தில் சத்தம் மாறும். அந்தக் கல்லைப் பெயர்த்துவிடச் சொல்வார், வீட்டுக்காரர் பார்க்காவிட்டாலும்.

உலகத்திலேயே பெரிய துப்பறிவாளன் என்று பெயர் வாங்கியவன், கொலை நடந்த இரவிலிருந்து அந்தக் கருவியின் தடத்தைத் துரத்துகிறான், ஆனால் அது என்னவென்று தெரியவில்லை. வாசலில் அவனைத் தடுத்தவர் சொல்லித்தான் தெரிகிறது. இதைக் கதை எழுதியவர்கள் யோசித்து வைத்தார்களா, இல்லை கதையை நகர்த்துவதற்குக் கிடைத்த வழியா? இதைத் துப்பறியும் கதை என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

பாப்பாரப்பட்டி_வாசகன்:

தம்பி, யோசித்து வைத்ததுதான் என்பது என் கட்சி. நாற்பது வருஷமாக பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்தவன் சொல்கிறேன். துப்பறியும் கதையில் ஒரு ஆளை முதல் காட்சியில் வாசலில் நிறுத்திவிட்டுக் கடைசியில் வாய் திறக்க வைத்தால் அது தற்செயலாக இருக்காது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். எல் ராட்டா அலாடா என்று ரிட்லர் ஒரு ஸ்பானிஷ் புதிர் போடுகிறான், சிறகுள்ள எலி. பேட்மேனும் கோர்டனும் கிளப் நடத்தும் பெங்குவின் என்ற ரவுடியைத் துரத்திப் பிடித்து நீதான் அந்த எலி, போலீசுக்குத் துப்புக் கொடுத்தவன் என்று மிரட்டுகிறார்கள். கை கால் கட்டுப்பட்டுக் கிடக்கும் அந்த ரவுடிதான், அது எல் இல்லை, எலி ஸ்பானிஷில் பெண்பால், லா ராட்டா என்று இலக்கணத்தைத் திருத்துகிறான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வாசல் திறக்கிறது. கிளப்புக்குள் என்ன நடக்கிறது என்பது அங்கே வேலை பார்க்கும் செலீனாவுக்குத் தெரிகிறது. ரிட்லரின் முதல் கடிதத்தின் சங்கேத எழுத்துகளோடு புரூஸ் வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறார். பேட்மேனுக்கு அறிவு குறைவில்லை. கோபுரத்தில் வளர்ந்தவனுக்கு எட்டாத தகவல் தெருவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆர்க்கம் காட்சியில் ரிட்லர் பேசுவதையும் சேர்த்துப் பாருங்கள். பூங்காவைப் பார்த்த கோபுரத்தில் பணத்தோடு இருந்தவன் அனாதையா என்று புரூஸ் வெயினைப் பற்றிக் கேட்கிறான். ஒரு அறையில் முப்பது குழந்தைகள், தூங்கும்போது விரலை எலி கடிக்கும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு குழந்தை சாகும் என்று தன் விடுதியைச் சொல்கிறான். அவன் கொலைகாரன், அதில் மாற்றமில்லை. ஆனால் புரூஸின் அப்பா நகரத்துக்கு என்று ஒதுக்கிய நூறு கோடி டாலர் நிதியை யார் யார் தின்றார்கள் என்று கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தவனும் அவன்தான். வேலையே கணக்குத் தணிக்கை.

நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது. ரிட்லரை உருவாக்கும்போது இயக்குநர் மனதில் இருந்தது ஸோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன். 1969-இல் கலிஃபோர்னியாவில் பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதம் அனுப்பியவன். முதல் கடிதம் 408 குறிகள். போலீஸ், கடற்படை, உளவுத்துறை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை உடைத்தது ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும், வீட்டில் உட்கார்ந்து. தற்பெருமைக்காரன் கடிதம் நான் என்றுதான் ஆரம்பிக்கும், கொல்வது என்ற சொல் அதில் இருக்கும் என்று அந்த அம்மா ஊகித்தது வழிவிட்டது. 340 குறிகள் கொண்ட இன்னொரு கடிதம் 2020 டிசம்பர் வரை பிடி கொடுக்கவில்லை. அதை உடைத்த மூன்று பேரும் போலீஸ் இல்லை.

பேட்மேன் முதலில் வந்தது 1939-இல், டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில். ரொம்ப காலம் பாப் கேன் ஒருவர் பெயர் மட்டும் போட்டார்கள். அங்கியும் முகமூடியும் புரூஸ் வெயின் என்ற பெயரும் காத்தம் என்ற ஊர்ப்பெயரும் பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளர் கொடுத்தவை. அவர் 1974-இல் இறந்துவிட்டார். உருவாக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயரை முறையாகச் சேர்த்தது 2015-இல். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

நீங்கள் தரைவேலை செய்பவர் என்பதால் ஒன்று. காத்தம் நகர மன்றத்தின் வெளிப்புறமாகக் காட்டுவது இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து செயின்ட் ஜார்ஜ் ஹால். நிஜத்தில் அதன் பெரிய கூடத்தில் 30,000-க்கு மேல் மின்டன் என்ற ஆங்கிலக் கம்பெனி டைல்ஸ் பதித்த தரை இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டு வேலை. தேய்ந்துவிடக் கூடாது என்று மேலே இன்னொரு தரை போட்டு மூடியே வைத்திருப்பார்கள், எப்போதாவது சில நாள் திறந்து காட்டுவார்கள். படங்கள் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

ஓசூர்_இரண்டாம்_ஷிப்ட்:

நான் மாற்றுக் கருத்து. எனக்கும் படம் பிடிக்கும், ஆனால் துப்பறியும் படம் என்று தலையில் தூக்கி வைக்க முடியாது.

176 நிமிஷம் ஓடுகிறது. இதில் பேட்மேன் எதைத் தடுத்தான்? மேயர் போனார், கமிஷனர் போனார், அரசு வழக்கறிஞர் கழுத்தில் குண்டோடு கண் முன்னால் போனார். ரிட்லரின் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லிக் கெஞ்சுவதைத் தவிர இவன் ஒன்றும் செய்யவில்லை. பெரிய தாதா ஃபால்கோனிதான் துப்புக் கொடுத்த அந்த எலி என்று தெரிந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தால், வெளிச்சத்துக்கு வந்த எலியை ரிட்லர் எதிர் ஜன்னலிலிருந்து சுட்டுவிடுகிறான். அதாவது இவன் கண்டுபிடித்ததே கொலைகாரனுக்கு உதவி. ரிட்லரையாவது தேடிப் பிடித்தானா? அவன் காப்பிக் கடையில் உட்கார்ந்து காத்திருக்கிறான், போலீஸ் போய் அழைத்து வருகிறது. கார்ப்பெட் விஷயமும் அப்படித்தான், குண்டு வெடித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

நான் லைனில் தரச் சோதனை பார்க்கிறவன். குறை எங்கே வந்தது என்று கண்டுபிடிப்பது பொருள் வெளியே போவதற்குள் நடக்க வேண்டும். போன பிறகு கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் புகார்.

இன்னொரு குறை, இருட்டு. நான் பார்த்த தியேட்டரில் பாதிக் காட்சி தெரியவே இல்லை. கேட்டால் படமே அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள்.

கரணை_காவேரிப்பட்டணம்:

இருட்டு பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன் அண்ணே. படம் இருட்டுதான், ஆனால் தெரியாத இருட்டு இல்லை. ஒளிப்பதிவு கிரேக் ஃபிரேசர். டிஜிட்டலில் எடுத்ததைப் பிலிமில் இறக்கி, திரும்ப ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அதனால் கறுப்புக்குள்ளேயே பல கறுப்பு இருக்கும், கறுப்பு கிரானைட்டைப் பாலிஷ் பிடிக்கும்போது வருமே, அந்த மாதிரி. நீளமான ஒரு வழியில் துப்பாக்கி வெடிக்கும் வெளிச்சத்தில் மட்டும் நடக்கும் சண்டை இருக்கிறதே, அதை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். புரொஜக்டர் விளக்கு மங்கியிருந்தால் அந்தக் காட்சி செத்துப்போகும். நீங்கள் பார்த்த இடத்தில் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புகார் என்று நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. பதில் யோசித்துச் சொல்கிறேன்.

ஊத்தங்கரை_மழை:

ஓசூர் தம்பி கேட்ட கேள்விக்கு என்னால் ஒரு பக்கம் மட்டும் பதில் சொல்ல முடியும். துப்பறிவது பற்றி எனக்குத் தெரியாது. கடைசி வெள்ளம் பற்றித்தான்.

இந்தப் படத்தை என் பையன் 2022-இல் காட்டினான். சுவர் உடைந்து தண்ணீர் வரும் காட்சியைக் கிராபிக்ஸ் என்று பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டேன். 2024 டிசம்பர் முதல் தேதி இரவு எங்கள் ஊரில் கொட்டிய மழை எல்லோருக்கும் தெரியும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி வழிந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் காகிதக் கப்பல் மாதிரி அடித்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் முழங்கால் வரைக்கும் தண்ணீர். கட்டில் மேல் மாமியாரை உட்கார வைத்துவிட்டு நின்றிருந்தேன். சத்தம் மட்டும் கேட்கிறது, எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அப்போது ராத்திரிக் காவலுக்கு வயலுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டிக்கொள்வார்களே, அந்த லைட்டைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் கயிற்றோடு வந்தார். அவர் முகம் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. என் பின்னாடியே வாங்க அக்கா என்றார். அந்த வெளிச்சம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் எட்டு வைத்தோம். பள்ளிக்கூட மாடிக்குப் போகும் வரை நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

பொங்கலுக்குப் பையன் மறுபடி படம் போட்டான். கடைசியில் பேட்மேன் மேலே இருந்து தண்ணீரில் விழுந்து, சிவப்புத் தீப்பந்தம் ஏற்றி, இடிபாட்டில் சிக்கியவர்களிடம் கை நீட்டுகிறான். யாரும் கை கொடுக்கவில்லை, பயப்படுகிறார்கள். மேயரின் பையன்தான் முதலில் பிடிக்கிறான். அப்புறம் எல்லோரும் அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குப் பின்னால் வரிசையாக நடக்கிறார்கள். மேலே இருந்து காட்டுவார்கள். நான் எழுந்து போகவில்லை, முடியும் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். எதைத் தடுத்தான் என்று கேட்டீர்கள். தடுக்கவில்லை தம்பி. தண்ணீர் வந்த பிறகு வந்தான்.

தருமபுரி_வாத்தியார்:

நல்ல பேச்சு நடக்கிறது. பள்ளியில் வரலாறு எடுக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சுருக்கமாக.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகல் நிற்கும். மாடு கவர்ந்து போனவர்களோடு சண்டை போட்டு இறந்தவர்களுக்கு எடுத்தவை நிறைய. மாட்டு மந்தையைக் கல்வெட்டு தொறு என்று சொல்லும். தொறு மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டியிருக்கும். பட்டான் என்றால் இறந்தான். மாட்டைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் இருக்கிறது, தொறுக் கொண்டு பட்டான் என்று. இரண்டிலும் வில்லும் வாளும் பிடித்த வீரன் ஒரே மாதிரிதான் நிற்பான். எழுத்தைப் படித்தால்தான் எவன் மீட்டவன், எவன் கவர்ந்தவன் என்று தெரியும்.

படத்தின் ஆரம்பத்தில் நீ யார் என்று கேட்கும் ரவுடியிடம் பேட்மேன், நான்தான் பழிவாங்குதல் என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்கிறான். கடைசியில் ரிட்லரின் ஆள் ஒருவன் முகமூடியைக் கழற்றியதும் அதே வார்த்தையைச் சொல்கிறான். பேட்மேன் முகம் அப்போது மாறும். அதற்கு அப்புறம்தான் அவன் தண்ணீரில் இறங்குகிறான். எனக்கு அது கல்லின் எழுத்து மாறிய இடம். கொலைகாரன் யார் என்பது அவனுக்கு முன்பே தெரிந்துவிட்டது. தான் யார் என்று தெரிந்துகொள்வது அந்த நிமிஷத்தில்தான். துப்பறியும் கதையில் இதற்கும் இடம் உண்டு என்பேன்.

மேஸ்திரி தம்பி, தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கல் வேலை தெரிந்தவர் பார்த்தால் எங்களுக்குத் தெரியாதது தெரியும். ஒரு நாள் வாருங்கள்.

ஓசூர்_இரண்டாம்_ஷிப்ட்:

ஊத்தங்கரை அக்கா, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். படம் பற்றி நான் சொன்னதை இப்போதும் சொல்வேன், வழக்கு முடியவில்லைதான். ஆனால் அந்தக் கடைசிக் காட்சியை நான் சரியாகப் பார்க்கவில்லை, வெளியே பைக் எடுக்கும் அவசரத்தில் எழுந்துவிட்டேன். இந்த வாரம் மொத்தமாகப் பார்க்கிறேன். மாமியார் இப்போது நன்றாக இருக்கிறாரா?

ஊத்தங்கரை_மழை:

நன்றாக இருக்கிறார் தம்பி. மழைச் சத்தம் கேட்டால் மட்டும் தூங்க மாட்டார்.

கரணை_காவேரிப்பட்டணம்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் அந்தக் கருவிக் காட்சியை மட்டும் போனில் காட்டினேன். அவருக்குப் பேட்மேன் யார் என்று தெரியாது. கருவி திரையில் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கார்ப்பெட் ஓரம் திணிக்கிறது, பெங்களூர் ஹோட்டலில் பார்த்தோமே என்றார். ஒரு வினாடிகூட ஆகவில்லை. இவருக்கு என்ன தெரியவில்லை இதில் என்று பேட்மேனைக் காட்டிக் கேட்டார். பணக்கார வீட்டுப் பையன், தரைவேலை பார்த்ததில்லை என்றேன். சரி, கேட்டால் சொல்லப் போகிறோம் என்றார்.

ஓசூர் அண்ணன் கேட்டதற்கு நான் யோசித்து வைத்திருந்த பதிலை அக்காவே என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். வாத்தியார் ஐயா, அடுத்த வாரம் பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டு வேலை இருக்கிறது, போகும் வழியில் தருமபுரியில் இறங்கி மாமாவோடு வருகிறோம்.

பாப்பாரப்பட்டி ஐயா சொன்ன லிவர்பூல் தரைப் படங்களைத் தேடி எடுத்தேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி, கால் மணி நேரம் பார்த்தார். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நேற்று சைட்டில் கலவை போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, அவ்வளவு பெரிய கூடத்துக்கு நூலை எங்கிருந்து பிடித்திருப்பார்கள், நடுவில் வட்டம் இருந்ததே, அங்கிருந்தா என்று கேட்டார். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.